ஷெரின் கட்டிய காளை

போன பொங்கலன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் ஒரு செவலைக் காளை ஜினோவின் வயிற்றைக் கிழித்தது. கூட்டம் விலகி ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவன் அக்கா ஷெரின் காத்திருக்கவில்லை. அவனை ஷேர் ஆட்டோவில் கிடத்தி, பிதுங்கி வந்த குடலைத் துப்பட்டாவால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். உள்ளங்கைக்கு அடியில் குடல் சூடாக நகர்ந்தது. வழியெல்லாம் அவன் ஒன்றையே சொன்னான்.

"திமில நான் விடலக்கா. விட்டுட்டேன்னு எவனாவது சொன்னா நம்பாத."

தையல் ஆறியது. இந்த வருடமும் பேர் கொடுத்தான். டோக்கன் வந்தது.

ஷெரின் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். விமான நிலையம் போகும் சாலையில் கேம் சென்டர் வைத்திருக்கிறாள். தோற்றவர்கள் ஜாய்ஸ்டிக்கைச் சுவரில் எறிவார்கள். அவள் அதைத் திறந்து சரிசெய்வாள். ஒருமுறை எறிந்தவனை அந்த ஒயரைக்கொண்டே அடித்தாள். கழுத்தில் தடிப்பு ஏறியது. அவன் மறுநாளும் விளையாட வந்தான். மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்த அம்மா ஆனிமேரி, வீட்டில் எது நடந்தாலும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். அடிக்கிற வேலை ஷெரினுடையது.

டோக்கனைப் பார்த்ததும் தம்பியை அறைந்தாள். அவன் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அடிக்கா. காள இதவிட நல்லா அடிக்கும்."

"உன்னத் தூக்கிட்டுப் போனவ நான்டா."

"இந்தத் தடவ வேற ஆளு தூக்குவான். நீ வராத."

அவள் அவன் தட்டை எடுத்து வாசலில் எறிந்தாள். பிறகு அவன் எதிரில் உட்கார்ந்து ஒரு பந்தயம் பேசினாள். இரும்பில் ஒரு காளையை அவளே செய்வாள். அதில் மூன்று துள்ளல் திமிலைப் பிடித்து நின்றுவிட்டால் அவன் வாடிவாசலுக்குப் போகலாம், அவள் வாயைத் திறக்க மாட்டாள். விழுந்தால் டோக்கனைக் கிழித்துவிட வேண்டும்.

"ஓட்டப்போறது யாரு?" என்றான் ஜினோ.

"நான்."

"அப்பச் சரி. நீதான் நெசமா அடிப்ப."

சூரியபிரகாஷ் ஜினோவின் கூட்டாளி. விவசாயக் குடும்பம். அவனியாபுரத்தில் லேத் பட்டறை, வீட்டில் இரண்டு ஜல்லிக்கட்டுக் காளைகள். பட்டறையின் பின்பக்கம் அவன் இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து உடம்பை உருவாக்கினான். மணல் மூட்டையைத் தைத்துத் திமில் ஆக்கினான். கொம்புகளின் நுனியில் டயர்த் துண்டு சுற்றினான். கீழே லாரி பேட்டரி, இரண்டு ஈ-ரிக்‌ஷா மோட்டார்கள். ஒன்று உடம்பைச் சுழற்றும், ஒன்று தூக்கிப்போடும்.

"எதுக்குக்கா இம்புட்டு வேகம்? பழகத்தான?"

"விழுறதுக்கு," என்றாள் ஷெரின்.

ஓட்டுவதற்குக் கடையிலிருந்து ஒரு ஜாய்ஸ்டிக் எடுத்து வந்தாள். அதை மோட்டார்களை இயக்கும் ஆர்டுயினோ போர்டில் நேரடியாகச் சொருக முடியாது. கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்கத்தான் அந்த போர்டுக்குத் தெரியும், யுஎஸ்பியில் வருகிற ஒரு கருவியைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கத் தெரியாது. அதற்கென்று தனியாக விற்கும் இன்னொரு போர்டை வாங்கி அதன் மேல் பொருத்தினாள். ஜாய்ஸ்டிக்கின் குச்சியை அசைத்தால் எண்கள் வந்தன. ஒரு ஓரத்தில் பூஜ்யம், மறு ஓரத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து. குச்சி சும்மா நிற்கும்போது வருவது நடு எண். நடுவில் மோட்டார் நிற்கும். ஓரங்களில் முழு வேகம்.

போர்டுகளைக் காளையின் தலைக்குள் வைத்தாள், கிரீஸ் படாத இடம் அது ஒன்றுதான். ஜாய்ஸ்டிக்கின் ஒயர் மூக்கு ஓட்டை வழியாக வெளியே வந்தது. காலில் மிதிபடாமல் இருக்க அதன் மேல் பருத்திக் கயிற்றைச் சுற்றினாள். காளையை நிறுத்தும் பொத்தானை ஜாய்ஸ்டிக்கிலேயே வைத்துக்கொண்டாள். கையை விட்டு அது போகப்போவதில்லை.

ஜாய்ஸ்டிக்கிலிருந்து எதுவும் வராவிட்டால் எண்ணைப் பூஜ்யமாக்கு என்று ப்ரோகிராமில் ஒரு வரி எழுதியிருந்தாள். பூஜ்யம் என்றால் சும்மா இருப்பது என்று எழுதும்போது கை நினைத்துவிட்டது.

கீழக்குயில்குடியிலிருந்து இரண்டு பேர் பழக வந்தார்கள். ஒருவனைத் திமிலிலிருந்து உதறித் தூண்மேல் எறிந்தாள். காறை எலும்பு முறிந்தது. மற்றவன் கொம்பில் வாய் மோதி, பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான்.

"அக்கா, காளைக்கே கொஞ்சம் எரக்கம் இருக்கும்," என்றான்.

ஷெரின் குச்சியிலிருந்து கட்டைவிரலை எடுக்காமல், "அடுத்த ஆளு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜினோ வந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வயிற்றுத் தழும்பு பளபளத்தது. ஷெரின் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தாள். கையை முறிப்பது, விலாவை முறிப்பது இரண்டுக்கும் எவ்வளவு வேகம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கழுத்துக்கு எவ்வளவு என்பதும் தெரியும். அதற்குக் கீழே நிறுத்துவாள்.

"மாப்ள, ரெடியா?" என்று சூரியபிரகாஷ் கேட்டான். காளையின் தலைப்பக்கம் நின்றான்.

"தெறந்து விடு."

வருடா வருடம் வாடிவாசலில் தன் காளைகளின் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிடுவது சூரியபிரகாஷ்தான். கயிற்றோடு எந்தக் காளையும் களத்துக்குள் போகக் கூடாது. 'தெறந்து விடு' என்றதும் அதே பழக்கத்தில் அவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவி, மூக்கில் தொங்கிய கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தான்.

கயிற்றுக்குள் ஒயர் இருந்தது.

இரண்டு மோட்டார்களும் ஒரே நொடியில் முழு வேகத்துக்குப் போயின. முதல் சுற்றிலேயே கொம்பு சூரியபிரகாஷின் தாடையில் இறங்கியது. கத்தியோடு அவன் தரையில் விழுந்தான். வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. ஜினோ திமிலில் பாய்ந்திருந்தான். விட்டால் சுழன்று வரும் கொம்பு அவனை அடிக்கும் என்பதால் விட முடியவில்லை. காளை அவனைத் தூக்கித் தூக்கி இரும்பில் மோதியது. மூக்கு உடைந்தது. உடைந்த சட்டம் ஒன்று தொடையைக் கீறியது. ரத்தம் சுழற்சியில் சிதறிச் சுவரில் கோடு போட்டது.

ஷெரின் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகுதான் துண்டான ஒயரைப் பார்த்தாள். பூஜ்யம் நடு அல்ல, ஓரம் என்று அப்போது புரிந்தது.

குனிந்து தவழ்ந்து காளையின் வயிற்றுக்கு அடியில் போனாள். பின்னங்கால் குழாய் தோளில் அடித்தது. மறுபடி வந்து அதே இடத்தில் அடித்தது. எலும்புக்குள் ஏதோ விலகியது. இடது கையால் பேட்டரி ஒயரைப் பிடித்துப் பிடுங்கினாள். தீப்பொறி பறந்து விரல்கள் கருகின. காளை நின்றது.

ஜினோ இன்னும் திமிலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். பிறகு இறங்கினான். முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. அவன் சிரித்தான்.

"மூணா அது? எண்ணுனியாக்கா?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காளையின் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தாள்.

"விழல பாத்தியா. நீ அவுத்து விட்டும் விழல. போறேன்ல இனி?"

அவன் அவளைத் தூக்கிவிட வலது கையை நீட்டினான். ஷெரின் அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். பிடியை விடவில்லை. அதைக் காளையின் விலாக் குழாய்மேல் வைத்து, மார்பால் அழுத்திக்கொண்டு, கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து மணிக்கட்டில் அடித்தாள். தோள் விலகியிருந்ததால் முதல் அடி சரியாக விழவில்லை. இரண்டாவது விழுந்தது.

ஜினோ கத்தவில்லை. தொங்கும் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நின்னேன்லக்கா," என்றான்.

"நின்ன."

சூரியபிரகாஷைச் சுமை ஆட்டோவில் ஏற்றி, தம்பியை அவன் பக்கத்தில் உட்காரவைத்து, மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பட்டறையில் விழுந்துவிட்டோம் என்றாள் ஷெரின். மற்ற இருவரில் ஒருவனுக்கு வாய் திறக்கவில்லை. இன்னொருவன் திறக்கவில்லை.

பொங்கலன்று மாவுக்கட்டோடு ஜினோ மாடுபிடி வீரர்களின் வரிசையில் போய் நின்றான். பரிசோதனை செய்த டாக்டர் கையைப் பார்த்து வெளியே அனுப்பினார். அவன் மதியம் வரை தடுப்புக் கட்டைக்கு வெளியே நின்றுவிட்டு, கேம் சென்டருக்கு வந்தான். கடையில் ஆள் இல்லை. ஷெரின் ஒரு தோள் கட்டோடு ஜாய்ஸ்டிக் ஒன்றைச் சால்டர் செய்துகொண்டிருந்தாள். அவன் அவள் எதிரில் உட்கார்ந்து இடது கையை மேசைமேல் விரித்து வைத்தான்.

"அடுத்த வருசமும் பேரு குடுப்பேன். இதையும் இப்பவே உடைச்சுரு."

ஷெரின் சால்டரிங் அயர்னை வைத்துவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். எல்லா விரல்களும் இருந்தன. நகங்களில் வாடிவாசல் மண் இல்லை.

"அப்ப அடுத்த வருசம் வா," என்றாள்.