ரப்பர் ஷீட்டுச் சுவர்

குழந்தைக்கு அடியில் விரிக்கக் கோட்டாற்றுக் கடையில் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கினேன். பிள்ளைக்குச் சூடு பிடிக்குமோ என்று இன்று நாலாவது முறையாக அதை முகர்ந்து பார்த்தேன். முகர்ந்தால் சூடு தெரியுமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கீரிப்பாறை மலை ரப்பர் தோட்டத்தின் புளித்த ரப்பர் பால் வாசம்தான். கல்யாணத்துக்கு முன் அங்கே இரண்டு வருஷம் டீச்சராக இருந்தேன்.

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதிப்பேர் வடக்கேயிருந்து பிழைக்க வந்த மலையாளிகள். அவர்களில் கோபாலனும் தம்பி வாசுவும் ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிறவர்கள். அண்ணன் சக்கரத்தைச் சுற்றுவார்; தம்பி உறைந்த பாலை உருளைக்குள் கொடுப்பான். ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. நாடகப் பைத்தியம் பிடித்த தம்பியை ஊருக்கே திருப்பி அனுப்புவதென்று அண்ணன் முடிவு செய்திருந்தார். போகமாட்டேன் என்றான் தம்பி. உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

வாசு விடவில்லை. அண்ணன் தம்பி பிரிவதையே நாடகமாக எழுதிவிட்டான். தோட்டத்தில் கொட்டகை தர மறுத்தார்கள். சரி, ஷீட் காயப்போடும் முற்றத்திலேயே ஆடுவோம் என்றான். மூங்கிலில் தொங்கும் வெள்ளை ஷீட்டுகள்தான் வீட்டுச் சுவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழவேண்டுமே, அதனால் ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு நாடகம். சுவருக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது என் பொறுப்பு.

"எதுக்கு டீச்சரே இதுல போயி தலைய இடுதிய?" என்றார் தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர். வேலை போய்விடுமோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போய் நின்றேன்.

கடைசிக் காட்சியில் தம்பி வீட்டை விட்டு இறங்கவேண்டும். தம்பியாக நடித்த வாசு பெட்டியைத் தூக்கினான், தூறல் விழுந்தது. ஷீட் நனைந்தால் கோபாலன்தான் பதில் சொல்லவேண்டும். அவர் நேரே நாடகத்துக்கு உள்ளே வந்து சுவராக நின்ற ஷீட்டுகளை உருவ ஆரம்பித்தார்.

"ஏட்டி, கோவாலனும் நடிக்கான்" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

அண்ணன் வேஷக்காரர் விழித்தார். நிறுத்துவதா, அடுத்த வசனத்தைச் சொல்வதா? வாசுவுக்கு எடுத்துக்கொடுத்துவிட்டேன். வாசு வேஷக்காரரை விட்டுவிட்டு கோபாலனைப் பார்த்துத் திரும்பி, மலையாளத்தில் அண்ணா என்று கூப்பிட்டான்.

"சேட்டா, நான் போகணுமோ?"

அவர் ஒரு ஷீட்டின் நுனியை அவன் பக்கம் நீட்டினார். "நீ போகண்டா. இது பிடிக்கெடா."

பெட்டி சேற்றில் கிடந்தது. மழைக்காகச் சொன்னாரோ, மனசாலே சொன்னாரோ என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். வாசு போகவில்லை, அது நிச்சயம்.

இப்போது தமிழ்ப் பக்கம், மலையாளப் பக்கம் என்று மாநில எல்லை பிரிந்துவிட்டது. இருப்பதா போவதா என்று தம்பியிடம் கேட்டுத்தான் அண்ணன் முடிவு செய்தாராம். இருவரும் ஒரே லாரியில் ஊருக்குப் போனார்களாம்; மற்ற மலையாளிகளும் போய்விட்டார்களாம். அந்த லயத்தில் இனி சேட்டா என்று யாரும் யாரையும் கூப்பிடப்போவதில்லை.