மூன்று சிவப்புப் புள்ளி வைத்த செல்கள்

அன்று சாயங்காலம் என் மகளின் மருந்துக் கருவியை ஓட வைத்த பேட்டரி செல் அதற்குள் எப்படி வந்தது? ஒரு வருடமாகப் போகிறது, இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சிரிக்கலாம். பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இயற்பியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன் பள்ளியில் பாடமும் எடுத்தவள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நம்புவது உங்கள் விருப்பம்.

நாங்கள் இருப்பது நீலகிரி மலையில், கேத்தியில். மகளுக்கு மூன்று வயது, குளிர் ஏறினால் வீசிங் வந்துவிடும். அதற்காக மருந்தைப் புகையாக்கி மூச்சில் தரும் கையடக்கமான நெபுலைசர் ஒன்று வைத்திருந்தோம், இரண்டு பென்சில் செல்லில் ஓடுவது.

பக்கத்து வீட்டு ராணி அக்கா கேரட் அறுவடைக்கு ஆள் கூட்டிப் போகிறவர். அவர்கள் வேலை பாதி இருட்டில்தான், நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு. அதனால் ரீசார்ஜ் செல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட என் பட்டப்படிப்பில் இல்லை. இரண்டிரண்டாகத்தான் வைத்திருப்பார், ஜோடியைப் பிரிக்கவே மாட்டார்; பழசையும் புதுசையும் கலந்தால் இரண்டும் கெடும் என்பார். எந்த ஜோடி என்று தெரிய சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. குளிரில் செல் சோர்ந்துவிடும் என்பதால் மாற்று ஜோடியை ஸ்வெட்டருக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொள்வார். நான் இணையத்தில் தேடித் தேடிக் குழம்புகிற விஷயத்தை அவர் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

என் செல்களின் மேல் போட்டிருந்த கொள்ளளவு எண்ணைப் பார்த்ததும் சிரித்தார். “இத்தாம் பெரிய நம்பர் போட்டிருக்குதுன்னா வாங்குன? பென்சில் செல்லுக்குள்ள அவ்வளவு எங்க கண்ணு புடிக்கும்? தூக்கிப் பாரு, தக்கையாட்ட இருக்குது.” சார்ஜ் போட்டு ஒரு மாதம் சும்மா வைத்தாலும் இறங்காத வகை ஒன்று இருக்கிறது, அதை வாங்கு என்றார். வாங்குகிறேன் என்றேன். வாங்கவில்லை.

கார்த்திகை மழை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. குன்னூரில் வேலை பார்க்கும் கணவர், மண் சரிந்து பாதை அடைத்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டார். சாயங்காலம் எங்கள் பாதை வளைவில் மரம் விழுந்து வண்டியும் வர வழியில்லை, போனில் சிக்னலும் இல்லை. ராணி அக்கா மதியமே ஆட்களோடு சோலூர் கேரட் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஆறேகாலுக்கு மகளுக்கு இழுப்பு கண்டது. விலா உள்ளே போய்ப் போய் வந்தது. மருந்து ஊற்றி பட்டனை அழுத்தினேன், ஒரு நிமிடம் புகை வந்தது, நின்றது. மறுபடி அழுத்தினேன். ஒன்றுமில்லை.

வேறு செல் வீட்டில் இல்லை. அக்கா செய்வது ஞாபகம் வந்து, கருவியை அப்படியே ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மகளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு, ஜெபம் என்று சொல்ல முடியாத எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். எடுத்து அழுத்தினேன். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. மருந்து தீரும்வரை புகை ஒரே சீராக வந்தது. அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மறுநாள் மரத்தை வெட்டி அகற்றிய பிறகு ராணி அக்கா வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை, நெற்றி லைட்டைத் திறந்து உள்ளிருந்ததை என் கையில் கொட்டினார். “இது யாருது கண்ணு?”

என் மகள் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிவைத்த என் செல்கள்.

சோலூரில் ஆறரைக்கு முன்னே பின்னே அவர் லைட் திடீரென்று அணைந்துவிட்டதாம். மாற்று ஜோடியை அன்றைக்குத்தான் கூட வந்த ஒருத்திக்குக் கொடுத்திருந்தார். முந்தின வாரம் காட்டெருமை இறங்கிய அந்தச் சரிவில், முன்னால் போனவளின் சேலையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்து வந்திருக்கிறார்.

நெபுலைசரைக் கொண்டுவந்தேன். மூடியின் கொக்கி உடைந்ததால் மேலே பிளாஸ்திரி சுற்றியிருந்தேன். அது பிரியாமல் இருந்தது. பிரித்தோம். உள்ளே மூன்று சிவப்புப் புள்ளி.

கணவர் சொல்கிறார், அக்கா வந்திருந்த ஒரு நாள் நீங்கள் இருவரும் தெரியாமல் மாற்றிப் போட்டிருப்பீர்கள், சூடு பட்டதும் செல் உயிர் பெற்றது, அவ்வளவுதான் என்று. இருக்கலாம். ஆனால் அன்று மதியம் ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து அவற்றைப் போட்டு பிளாஸ்திரி சுற்றியது நான். முந்தின இரவே சார்ஜ் ஏறியிருந்த மூன்று புள்ளி ஜோடியை அதே மதியம் சார்ஜரிலிருந்து எடுத்து லைட்டில் போட்டது அக்கா.

அவர் திகைக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் என்னவோ செய்கிறது. தன் ஜோடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, “கொழந்தைக்குத்தான போச்சு, போகட்டும். அடுத்த தடவ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிப்போடு” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது மறுபடி மழை தொடங்கிவிட்டது. நல்ல ஜோடிகள் இரண்டு வாங்கிவிட்டேன், பவர் பேங்கில் ஓடும் நெபுலைசர் வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். படிக்கிறவர்களில் மலைக் குளிரில் இதையெல்லாம் பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: நாள் முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலும் கைவிடாதது எது? அக்கா இந்த வாரமும் சோலூரில்தான் வேலை செய்கிறார். நேற்றிரவு மகள் இரண்டு முறை இருமினாள். இருட்டுவதற்குள் வீடு வந்துவிடுங்கள் என்று அவரிடம் நான் சொல்ல வேண்டுமா?