மேஸ்திரி கிறுக்கின பூனை

என் டிரங்குப் பெட்டியில் கிடந்த தோல் துண்டை இன்றைக்குக் காலையில் வெளியே எடுத்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் கறுப்பு மையால் ஒரு பூனை. நாலைந்து இழுப்பு, அவ்வளவுதான். கண் கிடையாது, மீசை கிடையாது. ஆனாலும் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கிறுக்கினவர், ஆம்பூர்ப் பக்கம் நாங்கள் வேலை செய்த தோல் கம்பெனியின் மேஸ்திரி. தோலில் நம்பர் போடுகிற மைக்குச்சியாலேயே, வெட்டிப்போட்ட துண்டில், பேச்சோடு பேச்சாகக் காக்கா, நாய், ஆடு என்று இழுத்துவிடுவார். எங்களிடம் வருவதெல்லாம் உரித்த தோல். அவர் கையில்தான் அது எழுந்து நிற்கும். அஞ்சாவதோடு நின்றவள் நான், படத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் ஒன்று தோன்றும். நிதானமாக வரைகிறவர்கள் பூனையை அழகாக்கிவிடுவார்கள். மேஸ்திரிக்கு அதற்கு நேரம் ஏது? மையை அழிக்கவும் முடியாது. அதனால் அந்த நொடியில் அது எப்படி நின்றதோ அப்படியே வந்து விழும்.

அன்றைக்குக் கழிவுத் தொட்டியை அலச என் வீட்டுக்காரர் இறங்க வேண்டும். மூடியைத் திறந்துபோட்டு ஏணிக்காகக் காத்திருந்தார்கள். தினமும் அந்த விளிம்பில் படுக்கிற கம்பெனிப் பூனை வந்தது. மேஸ்திரி அதைக் கிறுக்கி, "இந்தாம்மா, உன் புள்ளைக்கு" என்று நீட்டினார். முதுகு வளைந்து, வால் புடைத்து, காலெல்லாம் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றது படத்தில்.

அவர் எதிரில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது. "இது ஏன் மேஸ்திரி பயந்துனு நிக்குது?"

"பயமா? சும்மா இழுத்தேன்மா." துண்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பிறகு தொட்டிப் பக்கம் பார்த்தார். பூனை அங்கே இல்லை. அதற்குள் ஏணி வந்து, என் வீட்டுக்காரர் அதில் ஒரு கால் வைத்திருந்தார்.

"யோவ், மேல ஏறுயா!"

"இன்னா மேஸ்திரி, பூனைக்குப் பயந்தா பொழப்பு நடக்குமா?"

மேஸ்திரி அவர் கையைப் பிடித்து இழுத்தார். துண்டு கீழே விழுந்தது; நான் எடுத்துக்கொண்டேன்.

வேலையை நிறுத்தினதற்காக மேஸ்திரியை அனுப்பிவிட்டார்கள். வேறு மேஸ்திரி வந்தார், வேறு ஆளை இறக்கினார். இறங்கினவர் ஏறி வரவில்லை; உள்ளே விஷவாயு. அதற்கப்புறம் தொட்டிப் பேச்சை வீட்டில் எடுக்கவே என் வீட்டுக்காரர் விடவில்லை. நானும் துண்டைப் பிள்ளையிடம் கொடுக்கவில்லை.

அந்தப் பிள்ளையும் இப்போது தோல் கம்பெனியில்தான் இருக்கிறான். நேற்று சாப்பிடும்போது, "நாளைக்குத் தொட்டி தொறக்கறாங்கம்மா, நான்தான் எறங்கணும்" என்றான்.

"அங்க பூனை கீதா?"

"பூனையா? கேமரா கீது, மேலேந்து பாத்துனே இருப்பாங்க. பேஜார் பண்ணாத" என்று சிரித்தான். அப்படியே அவன் அப்பா சிரிப்பு.

காலையில் அவன் சோற்று டப்பா மேல் துண்டை வைத்துவிட்டு, வாசப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். டப்பாவை எடுக்க வந்தவன் துண்டைக் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எதப் பாத்துமா இது இப்பிடி மிரளுது?"

நான் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.