மேனேஜருக்காக ஃபுல் பேக் ஆடிய கதை

சனிக்கிழமை ரிச்சர்ட்சன் பார்க்கில் ஆறடி நாலங்குல ஆள் ஒருவரின் காலை மிதித்துவிட்டேன்!

மிதித்ததுகூடப் பரவாயில்லை. அதற்கு அடுத்து நான் செய்ததுதான் பிரச்சினை.

என் மேனேஜர் ஆஸ்திரேலியாக்காரர். வீக்கெண்டில் அவர்கள் ஊர் ஃபுட்பாலுக்கு (பந்தைக் கையாலும் பிடிக்கலாம்) ஒரு டீம் நடத்துகிறார். என் கிரீன்கார்டு ஃபைல் அவருடைய கையெழுத்துக்காக எட்டு மாதமாக மேசையில் தூங்குகிறது.

"ஒரு ஆள் குறையுது, வர்றியா?" என்று கேட்டார். அந்த ஆட்டம் என்றால் எனக்கு உயிர் என்று சொல்லிவிட்டேன். (பார்த்ததே இல்லை.)

எனக்குக் கிடைத்தது ஃபுல் பேக். நம் கோல் பக்கம் நிற்க வேண்டும். எதிரணியின் பெரிய தலை, கோல் போடும் அந்த ஆறடி நாலங்குல ஃபுல் ஃபார்வர்டும் அங்கேதான் நிற்பார். உயரத்தில் வரும் பந்தை அவர் பிடித்துவிட்டால், நிதானமாகக் கோலுக்கு உதைக்கலாம்.

"நான் பந்தைப் பிடிக்கணுமா?"

"வேணாம். அவன் பிடிக்கக் கூடாது. அவனை ஒட்டியே நில்லு. பந்து வந்தா முஷ்டியால குத்தித் தள்ளிடு. அவ்ளோதான்!" (அவர் ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்த பாதி இது.)

நம் ஊரில் இதற்கு வைக்கோல் போர் நாய் என்று பெயர். இங்கே ஜெர்சி கொடுக்கிறார்கள்!

பத்து பந்தைத் தள்ளினேன், ஒருவரும் கைதட்டவில்லை. ஒன்றை விட்டேன், மைதானமே என் பெயரைச் சொல்லிக் கத்தியது. (ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருந்து, சிஸ்டம் நின்றால் மட்டும் திட்டு வாங்கும் நண்பர்களுக்கு விளக்கத் தேவையில்லை.)

கடைசி நிமிடம். நாங்கள் நான்கு பாயிண்ட் முன்னால். ஒரு கோலுக்கு ஆறு பாயிண்ட். பந்து வருகிறது, இருவரும் எம்பப் போகிறோம், என் ஷூ அவர் காலை மிதித்துவிட்டது.

கை தானாகக் கீழே போனது. அவர் முழங்காலைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்!

நிமிர்ந்தால் பந்து அவர் கையில். உதைத்தார், கோல், ஆட்டம் முடிந்தது.

மேனேஜர் என் முகத்தையே பார்க்கவில்லை. கிரீன்கார்டு போச்சு!

"ஏங்க, இவ்ளோ பெரிய கிரவுண்டுல கும்பிட உங்களுக்கு அவன்தான் கெடச்சானா?" இது வேடிக்கை பார்க்க வந்திருந்த என் மனைவி.

அந்த ஆறடி நாலங்குலமே தேடி வந்தார். "எதுக்குய்யா என் காலைத் தொட்ட?"

மிதித்தால் எங்கள் வழக்கம் அப்படி என்றேன்.

"இத்தனை வருஷமா ஆடுறேன், மிதிச்சதுக்கு ஒருத்தனும் ஸாரி சொன்னதில்ல! எங்க வேலை பாக்குற?"

கம்பெனியையும் விசாவையும் சொன்னேன். பக்கத்து ஊர் பிளானோவில் ஒரு கம்பெனிக்கு அவர் டைரக்டராம். "ரெஸ்யூமே அனுப்பு. சேர்ந்த மாசமே கிரீன்கார்டு ஃபைல் பண்ணிடலாம்."

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மேனேஜருக்குப் புரையேறியது.

இன்று திங்கள்கிழமை. காலை ஒன்பது மணிக்கே என் க்யூபிக்கிளில் மேனேஜர்! காபிக்குப் போனால் பின்னாலேயே வருகிறார். லஞ்சில் பக்கத்து நாற்காலி. என் செல்போன் அடித்தால் எனக்கு முன்னால் அவர் கை நீள்கிறது. மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்ட ஃபைலும் வந்துவிட்டது.

ரெஸ்யூமே அனுப்பட்டுமா, வேண்டாமா? சொல்லுங்கள் மக்களே!

(கொஞ்சம் மெதுவாக. பின்னால்தான் நிற்கிறார்.)