மூலத்திலிருந்து கட்டியவள்

அந்தப் பெண்கள் சிறையில் அவளுக்குத் திருப்புளி என்று பெயர். சொந்தப் பெயரை ஆஜர் எடுக்கும் காவலர் மட்டும்தான் சொல்வார்; அதுவும் பாதியை விழுங்கிவிட்டு.

கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றைக் கணவனோடு சேர்ந்து நடத்தியவள் அவள். வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்ட கணவன். ஒரு நாள் பட்டப்பகலில் அவளுடைய அண்ணன் கடைக்குள் புகுந்தான். பேச்சே இல்லை. தங்கை புருஷனை மேசைக்குப் பின்னாலிருந்து இழுத்துப் போட்டு, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான்.

"விடுண்ணா! செத்துருவாருண்ணா!"

கத்தினாள், சட்டையைப் பிடித்து இழுத்தாள், முதுகில் குத்தினாள். அவன் பாறை மாதிரி அசையவில்லை. கணவனின் முகம் கறுத்து நாக்கு வெளியே தள்ளியபோது, அவள் கையில் இருந்தது வேலைக்கு எடுத்த திருப்புளி. அது அண்ணனின் காதுக்குக் கீழே பிடிவரை இறங்கியது. ஏதோ கேட்க வந்தவன் போலத் திரும்பி அவளைப் பார்த்தபடியே அவன் சரிந்தான்.

கணவன் பிழைத்துக்கொண்டான். ஒரே ஒரு முறை பார்க்க வந்தான். "உன்னைப் பார்த்தாலே பயமா இருக்கு" என்று கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டுப் போனவன், போனவன்தான்.

சிறையில் வாழ்க்கை இழுபறியாக ஓடியது. சோற்று வரிசையில் தள்ளுமுள்ளு, குழாயடியில் மண்டை உடைப்பு, தூங்குபவள் முகத்தில் கொதிநீர். இந்தக் காயங்களுக்கெல்லாம் தையல் போட வாரம் இருமுறை வந்துபோன டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. யாருக்கு, எந்த வயதில், எந்த மாதிரி அடி, ஆறுவதற்கு எத்தனை நாள் என்பதையெல்லாம் சேர்த்துப் புள்ளிவிவரமாகப் பார்க்க நினைத்தார். அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. காசில்லாமல் கிடைக்கும், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதையும் யாரும் பார்க்கலாம். ஆனால் சிறையின் கணினி அறையில் இருந்தவை யாரோ கழித்துக் கொடுத்த கிழட்டுப் பெட்டிகள். தயாராக வந்த மென்பொருளைப் போட்டால், பெட்டி பழசு என்று கைவிரித்துவிட்டது.

டாக்டரம்மா விசாரித்துத் திருப்புளியைக் கூப்பிட்டனுப்பினார்.

"மூலத்திலேருந்தே கட்டிடலாம் டாக்டரம்மா," என்றாள் அவள். "எழுதி வச்ச நிரலை அப்படியே வாங்கிட்டு வாங்க. இந்தப் பெட்டிக்குப் புரியற மாதிரி இங்கேயே மாத்திக்கலாம். நேரம் எடுக்கும், அவ்வளவுதான்."

பக்கத்தில் கட்டுப் போட்டுக்கொள்ள உட்கார்ந்திருந்தவள் காதில் முதல் வார்த்தை மட்டும் விழுந்தது. சாயங்காலத்துக்குள் திருப்புளிக்கு மூலம் முற்றிவிட்டதாகக் கூடம் முழுக்கப் பேச்சு. "உட்கார முடியுதாடி?" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். அண்ணன் செத்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

வெளி இணைப்பு கிடையாது. டாக்டரம்மா குறுந்தட்டில் நிரலைக் கொண்டு வருவார். கட்டத் தொடங்குவதற்கு முன்னால் அது தனக்கு வேண்டிய துணை நிரல்களெல்லாம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடும். ஏதாவது ஒன்று இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். அதை எழுதிக் கொடுத்து, டாக்டரம்மா அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்ததும் இன்னொன்று இல்லை என்று நிற்கும். அந்த அறைக்குள் மட்டும் யாரும் அவளை அடிக்கவில்லை. அதனால் அந்தக் காத்திருப்பும் அவளுக்குப் பிடித்தது.

மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. கட்டட வேலைக்கு ஆள் பிடித்து மேய்த்தவள், சிறைக்குள்ளும் கூடத்தை அப்படித்தான் மேய்த்தாள். குளியலறையில் திருப்புளியைச் சுவரோடு நெருக்கினாள்.

"அந்தப் பெட்டிங்களுக்கு மேல தகரம் இருக்குமாமே. ஒண்ணு கழட்டிக் கொண்டா."

"எதுக்குக்கா?"

"காய் நறுக்க. கேள்வியப் பாரு."

தகரம் கல்லில் தேய்ந்து யார் வயிற்றுக்குப் போகும் என்பது திருப்புளிக்குத் தெரியும். அதோடு கணினி அறைக்கும் பூட்டு விழுந்துவிடும். "முடியாதுக்கா" என்றாள். இரும்பு வாளி அவள் வாயில் வந்து மோதியது. முன்பல் இரண்டும் உடைந்து நாக்கில் கிடந்தன. விழுந்தவளை மேஸ்திரி விலாவில் மிதித்தாள், மூச்சு முட்டும்வரை மிதித்தாள். வழுக்கி விழுந்ததாகத்தான் திருப்புளி டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

கடைசியில் தேவையான எல்லாம் வந்து சேர்ந்தன. கட்ட ஆரம்பித்தால், நினைவகம் போதாமல் பெட்டி பாதியில் உறைந்தது. செத்துப்போன இன்னொரு பெட்டியிலிருந்து நினைவகப் பலகையை எடுத்துப் போட வேண்டும். அதற்குத் திருப்புளி வேண்டும். "இவ கையிலயா?" என்று கண்காணிப்பாளர் மலைத்தார். டாக்டரம்மா விடவில்லை. காவலர் ஒருவர் பக்கத்திலேயே நிற்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலையில் பலகையை மாற்றினாள். கட்டளையைத் தட்டினாள். திரையில் எழுத்துகள் விறுவிறுவென்று ஏறத் தொடங்கின. இந்த முறை நிற்கவில்லை. திறந்து கிடந்த மற்றப் பெட்டியை அவள் மூடிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து அலறல் கேட்டது. காவலர் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொள்ள மறந்துபோனார்.

அந்தச் சண்டையை மூட்டியவள் மேஸ்திரி. எல்லாரும் அங்கே ஓட, அவள் இங்கே வந்தாள்.

வந்தவள் நேராகத் தகரத்தைத் தூக்கினாள். திருப்புளி மறுமுனையைப் பிடித்தாள். மேஸ்திரி அதை உருவி வீசிய வீச்சில், விளிம்பு அவள் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. மேஸ்திரி திரையைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அது தூள் தூளாயிற்று. "உன் மூலத்தை இன்னிக்கு அறுக்கறேன்டி" என்றபடி, ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்க மேசையில் கையூன்றிக் குனிந்தாள்.

ஊன்றிய கையில் திருப்புளி இறங்கியது. உள்ளங்கையைத் துளைத்து மேசைப் பலகைக்குள் போய் நின்றது.

திரும்பி வந்த காவலர்கள் தடியால் அவள் முழங்காலை அடித்து வீழ்த்தினார்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போதும் அவள் கத்தியது ஒன்றுதான்: "அதை அணைச்சிடாதீங்க!"

திரை உடைந்திருந்ததால், பெட்டி எப்போதோ அணைந்துவிட்டது என்று எண்ணி யாரும் அதைத் தொடவில்லை.

தனியறையில் புருவத்துக்குத் தையல் போட டாக்டரம்மா வந்தார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"கட்டி முடிஞ்சுதா டாக்டரம்மா?"

டாக்டரம்மாவின் ஊசி நின்றது. "ஒரு மனுஷி கையில ஓட்டை போட்டிருக்கே. அதைக் கேக்கத் தோணலையா உனக்கு?"



அடுத்த தையலைப் போட்டபடி டாக்டரம்மாவே சொன்னார். "முடிஞ்சிருந்துது. வேற திரை மாட்டிப் பார்த்தேன். நீ சொல்லி வச்ச சோதனையெல்லாம் தேறிடுச்சு. நிறுவற கட்டளையை நானே அடிச்சேன்."

நெஞ்சுக்குள் குபீரென்று சந்தோஷம் வந்தது. மேஸ்திரியின் கை அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த வரிசை அவளையே பயமுறுத்தியது. கணவன் சொல்லிவிட்டுப் போன பயம் எது என்று அன்றுதான் புரிந்தது.

நீதிமன்றம் தண்டனையை நீட்டியது. தனியறையிலிருந்து வெளியே வந்தவளுக்கு எந்தக் கருவியும் தரவில்லை. காயங்களின் விவரத்தைத் தன் அறைக்கு மாற்றிய பெட்டியில் தட்டச்சு செய்ய மட்டும் டாக்டரம்மா அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் கட்டிய மென்பொருள் அந்த விவரங்களை வாங்கிப் படங்களாக வரைந்தது.

ஒரு நாள் கட்டு மாற்ற மேஸ்திரி வந்தாள். விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. திருப்புளிக்கு எதிரே உட்கார்ந்து, திரையில் சிதறிக் கிடந்த கறுப்புப் புள்ளிகளை வெறித்துப் பார்த்தாள்.

"இது என்னடி?"

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு காயம்க்கா."

"என் கை?"

அவள் தேடிக் காட்டினாள். மற்றதிலிருந்து தள்ளி, மேல்கோடியில் தனியாக நின்றது அது.

"ஏன் அவ்வளவு தூரத்துல நிக்குது?"

"ஆறறதுக்கு ரொம்ப நாள் ஆச்சு. அதனால."

மேஸ்திரி நல்ல கையால் அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். காவலர் எழுந்தார். திருப்புளி வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"இன்னும் ஆறலை. அதை மாத்தி எழுது," என்றாள் மேஸ்திரி.

அவள் மாற்றி எழுதினாள்.