ஒற்றைக் கட்டிலுக்கு ஒரு மெத்தை

எங்கள் கடையில் மெத்தை விற்கும் அண்ணனுக்கு 'மெத்தையார்' என்று பட்டப்பெயர். வாசலில் தயங்கி நிற்கும் தம்பதியை உள்ளே அழைத்து, காட்சிக்குப் போட்டிருக்கும் மெத்தையில் படுக்க வைத்துவிடுவார். கூச்சப்பட்டால், "நான் பாக்கல, படுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருடைய தொழிலுக்கு ஒரே விதிதான்: 'வேண்டாம்' என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்கவே கூடாது. "வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்கமாட்டார். "கெட்டியா இருக்கணுமா, மெத்துனு இருக்கணுமா?" என்பார். எதைச் சொன்னாலும் பில் போடுவது என் வேலை.

அந்த விதிதான் வீட்டில் அவர் காலை வாரிவிட்டது.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் சண்டை கிடையாது. சண்டை போடவாவது பேச வேண்டுமே! இவர் தன் பேச்சையெல்லாம் கடையில் தீர்த்துவிட்டு வீடு போவார். பள்ளிக்கூட ஆபீஸில் நாள் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிவிட்டு வந்த அண்ணி, தட்டை வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். கல்யாணமான புதிதில் இவர் எதைச் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரித்தவர்தான்.

பிரிந்துவிடலாம் என்று சொல்லிவிடப் போவதாக அண்ணன் வாராவாரம் என்னிடம் சபதம் செய்வார். வார விடுமுறை முடிந்து வந்ததும் கேட்பேன்.

"என்னண்ணே, சொல்லிட்டீங்களா?"

"வாயத் தொறந்தேன்டா. 'ஃபேனக் கூட்டி வைக்கட்டுமா, கொறச்சு வைக்கட்டுமா'ன்னு வந்துடுச்சு."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"கொறச்சு வைக்கச் சொன்னா." பிறகு ஒரு பெருமூச்சு. "நான் போயிட்டா அவ ஒடஞ்சு போயிடுவாடா."

அப்படி நினைப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு மத்தியானம் அண்ணியே கடைக்கு வந்து நின்றார்.

"ஒத்தக் கட்டில் மெத்தை ஒண்ணு வேணும்."

"யாருக்கு?" என்றார் அண்ணன்.

"எனக்குத்தான். ஆபீஸ் பக்கத்துல ரூம் பாத்திருக்கேன்." கைப்பை வாரை முறுக்கிக்கொண்டே சொன்னார். "வீட்டுல சொல்லணும்னு எவ்வளவோ நாளாப் பாத்தேன், வாயே வரல. கடையிலதான் நீங்க நல்லாப் பேசுவீங்களே, அதான் இங்க வந்தேன்."

அண்ணன் பக்கத்து மெத்தையைத் தட்டிக் காட்டினார். "கெட்டியா இருக்கணுமா, மெத்துனு..."

"ஐயோ, ஆரம்பிக்காதீங்க! நான் போறது சரியா, வேணாமா? அத மொதல்ல சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மும்முரமாக மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றார். அப்புறம், "நானும் இதத்தான் சொல்லணும்னு இருந்தேன்."

"எப்போலேர்ந்து?"

"நம்ம வீட்டு மெத்தை வாங்கினதுலேர்ந்து."

அண்ணி பக்கென்று சிரித்துவிட்டார். "அட பாவி மனுஷா! அதுல பள்ளமே விழுந்துடுச்சே!"

சாயங்காலம் மெத்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணனே போனார். மறுநாள் கடைக்கு வந்தவர் உற்சாகமாகத்தான் இருந்தார். ஆனாலும் அவரை எதுவோ உறுத்திக்கொண்டிருந்தது.

"அண்ணி எப்படிண்ணே இருக்காங்க?"

"ஜன்னலுக்குத் திரையெல்லாம் தச்சு மாட்டி வச்சிருக்காடா. அளவு பாத்து, மடிச்சு அடிச்சு... எப்போ தச்சான்னே தெரியல. ஒடஞ்சு போறவளா அவ? என்னைப் பாத்துத்தான் அவளுக்குக் கவலை. 'தனியா சமைச்சுச் சாப்பிடத் தெரியுமா?'ன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"பிரமாதமா சமைப்பேன்னேன்."

"தெரியுமாண்ணே?"

"எங்கடா தெரியும்! மதியத்துக்கு என்ன கொண்டாந்திருக்க?"