முத்தக்காளுக்கு ஒரு வரி

எங்கள் அக்கா மகாராஜபுரத்தில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தான் சிறு வயதிலேயே காலமாகிவிட, பேண்டேஜ் துணி ஆலையில் தறி பார்த்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். தம்பியாகிய என்னையும் ஆளாக்கினார். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அவரிடம் திட்டு வாங்காதவர் உங்களில் யாரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளில் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் குலசாமிக் கல் ஒன்று இருந்தது. மாடுகளை ஓட்டிப்போக வந்த திருடர்களோடு சண்டையிட்டு இறந்த எங்கள் முன்னோர் ஒருவரின் நடுகல் அது. கரையை அகலப்படுத்தியபோது அதை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கோடை விடுமுறையில் வேன் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் சேவித்துவிட்டு, குடும்பத்தோடு அதைப் பார்க்கப் போனோம். அக்கா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கல்லைக் கண்டதும் கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழமும் குங்குமமும் வெளியே வந்தன. காவலர் ஓடி வந்தார்.

“அம்மா, இங்க எதையும் பூசக் கூடாது.”

“டிக்கெட் வாங்கிச் சாமி கும்பிட வந்திருக்கோம்யா. செத்த நேரம் சும்மா இருங்க.”

குங்குமம் பைக்குள் திரும்பிப் போனது. அப்போது அக்காவின் பேத்தி அங்கிருந்த அட்டையை உரக்க வாசித்தாள்: “வீரனின் நடுகல். அருகில் உள்ள பெண் யார் எனத் தெரியவில்லை.”

“தெரியலையாமா?” அக்கா என் பக்கம் திரும்பினார். “ஏலே, அது அவிய கூடப்பொறந்த அக்கா, முத்தக்கா. தம்பி விழுந்த பொறவு மாட்ட மறிச்சு நின்னு செத்தவ.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பது வயதுவரை அந்தக் கல்லில் ஒரு பெண் இருப்பதையே நான் கவனித்ததில்லை. கும்பிட்டதெல்லாம் தம்பியை மட்டும்தான்.

அக்கா நேராக அலுவலரின் அறைக்குப் போய், அட்டையில் முத்தக்காளின் பெயரைப் போடும்படி கேட்டார். அலுவலர் ஓர் இளம்பெண்; பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“கல்லுல எழுத்து இல்லையேம்மா. பேரைப் போடணும்னா ஆதாரம் வேணும்.”

“எல இருக்கே” என்றார் அக்கா.

எங்கள் குலசாமிப் பொங்கலில் பெண்கள் இரண்டு இலை போடுவார்கள். ஒன்று சாமிக்கு. மற்றொன்று முத்தக்காளுக்கு, அவர் பேரைச் சொல்லிக் குலவையிட்டுப் படைப்பார்கள். ஆண்களாகிய நாங்கள் அந்த இலையிலிருந்து வடையை எடுத்துத் தின்றிருக்கிறோமே தவிர, யாருடைய இலை என்று கேட்டதில்லை. அலுவலர் பேனாவை எடுத்தார். மற்ற பெண்களும் இதை எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார்.

அதன்பின் அக்கா வீடு தங்கவில்லை. முழங்கால் வலியோடு வத்திராயிருப்புக்கும் மம்சாபுரத்துக்கும் பஸ் ஏறி, எங்கள் குடும்பத்துப் பெண்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகளுக்கெல்லாம் போனார்.

“ஒரு வரிக்கா இம்புட்டு அலைச்சல்?” என்று நான் சலித்துக்கொண்டேன்.

“ஒம் பேரு ரேஷன் கார்டுல விட்டுப்போனப்ப எத்தன நட நடந்தே? அப்ப ஒரு வரின்னு தோணலையோ?”

பதினொரு பெண்கள் எழுதிக் கொடுத்தார்கள். காகிதங்கள் போய்ச் சேர்ந்தன. பதில் மட்டும் வரவில்லை. அதற்குள் அக்கா படுக்கையில் விழுந்தார். நோயைவிட அந்தப் பெயர் ஏறுமுன் போய்விடுவோமோ என்பதே அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது.

மருத்துவமனையில் இருந்தபோது, மூத்த மகளின் போனுக்கு அந்த அலுவலர் ஒரு படம் அனுப்பினார். புதிய அட்டை. மகள் வாசித்தாள்: “அருகில் நிற்பவர் வீரனின் தமக்கை முத்தக்காள். இக்குடும்பத்துப் பெண்கள் இன்றும் இவருக்குத் தனி இலையிட்டுப் படைக்கின்றனர்.”

அக்கா மூன்று முறை வாசிக்கச் சொன்னார். “எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம்” என்று குறையும் சொன்னார். பல நாட்களுக்குப் பிறகு அன்று இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்காம் நாள் காலை நிம்மதியாகக் கண் மூடினார்.

அக்காவைத் தாய்போல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், ரத்தம் கொடுத்த ஆலைத் தோழிகளின் பிள்ளைகளுக்கும், எழுதிக் கொடுத்த பதினொரு பேருக்கும், காது கொடுத்துக் கேட்ட அந்த அலுவலருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. விடுமுறையில் பிள்ளைகளோடு அருங்காட்சியகம் போனால் அந்தக் கல்லின் முன் சற்று நில்லுங்கள். தம்பியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அக்காவைக் கும்பிடுங்கள்.